மூன்று நாளைக்கு மடை திறக்காதே

கல்லாங்காட்டுவலசு,
28.8.2024

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை கலைமகள் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீங்கள், மாமா, வேலு, மருமகள் எல்லோரும் சுகம்தானே? உங்கள் காது எப்படி இருக்கிறது? போன மாதம் நான் போன் செய்தபோது "ஆரு? ஆரு?" என்று பத்துத் தடவை கேட்டீர்கள். அப்புறம் உங்கள் மருமகள் போனை வாங்கி, "அத்தைக்குக் காது மிசின் விசில் அடிக்குதுங்க, எங்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்" என்றாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாட்ஸப்பில் போட்டாலும் அவள் போனில்தான் விழும். அதனால் பதினைந்து வருஷம் கழித்து இன்லேண்ட் லெட்டர் வாங்கியிருக்கிறேன்.

சேதி இதுதான். சண்முகப்பிரியா முழுகாமல் இருக்கிறாள். இது நான்காம் மாதம். மாசி முதல் வாரம் என்று டாக்டரம்மா தேதி சொல்லியிருக்கிறார். கார்த்திகையில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு மடத்துக்குளம் போய், அவள் மாமியார் வீட்டிலிருந்து அழைத்து வந்துவிடுவேன். அப்பா இல்லாத பெண் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. முதல் பிரசவம், என் வீட்டில்தான் நடக்க வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போடக் கடையில் மருந்தடித்த கத்தரிக்காய் வாங்க எனக்கு மனமில்லை. கிணற்றடியில் பத்து சென்ட்டைக் கொத்திப் போட்டிருக்கிறேன். மாசியில் பிஞ்சு பறிக்க வேண்டுமென்றால் எதை எப்போது போட வேண்டும்? அம்மாவின் காய்கறிக் கணக்கெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. நான் உங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் இருபத்திரண்டு வருஷம் நின்று ஓட்டை பார்க்கத்தான் படித்தேன். அம்மாவின் அவரை விதை சாம்பல் டப்பாவில் இன்னும் இருந்தால் கொஞ்சம் அனுப்புங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

தங்கை,
கலைமகள்

*

முருகன் துணை

திருப்பூர்,
6.9.2024

பாசமுள்ள கலைக்கண்ணுவுக்கு அக்கா கமலாம்பாள் ஆசியுடன் எழுதியது. நாங்கள் நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சாமி அறையில் வைத்து அழுதேன். பிரியாவுக்குக் குழந்தை! உன் வீட்டுக்காரர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கவனமாகக் கேள். அவரையை ஆடியிலேயே ஊன்றியிருக்க வேண்டும். ஆனாலும் கெட்டுப்போகவில்லை. இந்த வாரமே கிணற்றுக்கு வடக்கே ஊன்றிவிடு. மார்கழிப் பனி விழுந்தால் தானாகப் பூக்கும், தையிலும் மாசியிலும் காய்த்துத் தள்ளும். கத்தரி நாற்றைப் புரட்டாசி பத்துக்குள் பாவு, ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி நடு. மணத்தக்காளியை வாய்க்கால் ஓரத்தில் தூவு, நிழல் இருந்தாலும் வரும். பீர்க்கனை மார்கழி பிறந்ததும் போடு, முன்னாலேயே போட்டால் முற்றி நாராகிவிடும். சுரை வேண்டாம், குளிர்ச்சி, தாய்க்கும் பிள்ளைக்கும் சளி பிடிக்கும். முருங்கை உன் வாசலிலேயே நிற்கிறது. அது போதும்.

அவரை விதை அறுபது இருந்தது. எல்லாவற்றையும் அனுப்புகிறேன். பந்தல் கட்டக் கயிறு வாங்காதே, பனியன் கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை தருகிறேன். கொடியை அறுக்காது. வேலு உன் பக்கம்தான் வருகிறான், கொண்டுவந்து போடுவான். உன் ஓடைக்கு மேலே, மூன்று கிலோமீட்டரில் பழைய எண்ணெய் மில் ஒன்று பூட்டிக் கிடந்ததே, அதை வாடகைக்குப் பிடித்து வேஸ்ட் குடோன் போட்டிருக்கிறான்.

மாமா உன்னை விசாரித்தார் என்று எழுத ஆசைதான். பொய் எழுத மாட்டேன்.

அக்கா,
கமலாம்பாள்

*

கல்லாங்காட்டுவலசு,
24.9.2024

அன்புள்ள அக்காவுக்கு, கலை வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சுகம், நாற்றும் சுகம். அறுபது அவரையில் ஐம்பத்தொன்று முளைத்துவிட்டது. அம்மா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது, அவள் விதைக்கு இன்னும் கோபம் குறையவில்லை, மண்ணை முட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

வேலு வந்தான். வேனைக் கேட்டிலேயே நிறுத்தி மூட்டையை இறக்கினான். "உள்ள வா சாமி, காப்பி வெக்கறேன்" என்றேன். "இல்லீங்க சின்னம்மா, அவசரமுங்க" என்று நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பினான். நான் தூக்கி வளர்த்த பையன். கை விரலெல்லாம் நகக்கண் வரைக்கும் சிவப்பாக இருந்தது. "ஏஞ் சாமி, கையில என்ன?" என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டான். வேஸ்ட் பிரிக்கிற வேலையில் கை இத்தனை சிவக்குமா?

பந்தல் போட்டாயிற்று. சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை என்று பனியன் துண்டாகவே கட்டியிருக்கிறேன். பக்கத்துக் காட்டு ராமாயி பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, அவரைக்காயை வெளிநாட்டுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தோம். சிரித்துப் பல நாள் ஆயிற்று.

மழைக்காகக் காத்திருக்கிறேன். ஓடையில் தண்ணீர் வந்தால் மடையைத் திறந்து வாய்க்காலில் விட்டு, அந்த ஈரத்தில் கத்தரி நடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே? பிரியா தினமும் போன் செய்து, "அம்மா, அவரை எவ்வளவு உசரம்?" என்று கேட்கிறாள். அவளுக்குப் பிள்ளையைவிட அவரை மேல் அக்கறை.

தங்கை,
கலை

*

முருகன் துணை

திருப்பூர்,
5.10.2024

கண்ணு கலைக்கு அக்காவின் ஆசி. இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் தூக்கம் சரியில்லை, வயசாகிவிட்டது.

நாற்று நல்லபடி வந்தது கேட்டு மனசு நிறைந்தது. கத்தரி நடும்போது குழியில் ஒரு கைப்பிடி மட்கிய சாணம் போடு. இடைவெளி இரண்டடி விடு. சாயங்காலத்தில் நடு, வெயிலில் நட்டால் துவண்டுவிடும். பூச்சி வந்தால் வேப்பம்புண்ணாக்கு ஊற வைத்துத் தெளி.

ஒன்று சொல்கிறேன், கட்டாயம் கேட்க வேண்டும். மழை பெய்தால் மூன்று நாளைக்கு மடை திறக்காதே. கிணற்று மோட்டாரையும் போடாதே. வானத்துத் தண்ணீர் செடி மேல் விழுந்தது போதும். புரட்டாசி, ஐப்பசி மழையில் ஓடி வருகிற தண்ணீரில் ஒரு சூடு இருக்கும், பிஞ்சு வேருக்கு ஆகாது. அம்மா சொல்வாள். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்த பிறகு திற.

பிரியா வந்தால் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிடு. இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்வதில்லை. கட்டுச்சோற்றுக்கு என்ன சேலை எடுத்தாய்?

அக்கா,
கமலாம்பாள்

*

கல்லாங்காட்டுவலசு,
26.10.2024

அக்காவுக்கு, கலைமகள் எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை.

பதினாறாம் தேதி இங்கே நல்ல மழை. உங்கள் கடிதம் அலமாரியில்தான் இருந்தது. இருந்தும் நான் மடையைத் திறந்தேன். ஏன் தெரியுமா? அம்மா அப்படிச் சொல்லவே மாட்டாள். மழை வந்தால் அண்டா, குண்டா, உழக்கு வரைக்கும் வெளியே வைத்துப் பிடிக்கிறவள் அவள். ஓடைத் தண்ணீர் வந்த அன்று நம் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மண்வெட்டி கொடுத்து வாய்க்காலில் விட்டவள். அக்காவுக்கு வயசாகி எதையோ எதிலோ போட்டுக் குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் கலங்கலாகத்தான் வந்தது. அந்த ஈரத்தில் அன்று சாயங்காலமே கத்தரி நாற்றை நட்டேன். மறுநாள் பார்த்தால் வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீர் சிவப்பு. செம்மண் சிவப்பு இல்லை. வாசனை வேறு, கம்பெனியில் புதுத் துணிக் கட்டுப் பிரித்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. நான்காம் நாள் கத்தரி இலையின் ஓரம் முழுக்கத் தீய்ந்துவிட்டது. நட்டது நூறு, பிழைத்தது இருபத்தாறு. மணத்தக்காளி முளைத்த இடமே தெரியவில்லை. ராமாயியின் ஆடு வாய்க்காலில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போயிற்று. கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன். உப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக இளநீர் மாதிரி குடித்த தண்ணீர்.

மடையைத் திறக்காதே என்று எதை வைத்து எழுதினீர்கள்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா, அக்கா?

கலை

*

முருகன் துணை

திருப்பூர்,
12.11.2024

கண்ணு கலைக்கு அக்காவின் அன்பான ஆசி. பதில் தாமதமாகிவிட்டது. தீபாவளி வேலை, பின்னாலேயே சஷ்டி விரதம். ஆறு நாளும் பால் மட்டும்தான். உனக்காகவும் பிரியாவுக்காகவும்தான் வேண்டிக்கொண்டேன். தீபாவளிக்கு வேலுவின் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய சேலையும், மாப்பிள்ளை சிவபிரகாஷுக்கு டீசர்ட்டும் வந்து சேர்ந்தனவா? டீசர்ட் நம் வீட்டு உருப்படி, இப்போது ஓடுகிற ஆர்டர்.

கத்தரி போனது பற்றி வருத்தப்படாதே. நான் யோசித்துப் பார்த்தேன். நீ பந்தலுக்குக் கட்டியிருக்கிறாயே, அந்தப் பனியன் துண்டுகளின் சாயம்தான் மழையில் ஒழுகி வாய்க்காலில் இறங்கியிருக்கும். தப்பு என்னுடையது, நான்தான் கட்டச் சொன்னேன். எல்லாவற்றையும் அவிழ்த்து எறிந்துவிட்டுத் தேங்காய்நாரில் கட்டு. மேல்மண்ணை அரையடி வழித்துப் போட்டுவிட்டுச் சாணம் கரைத்து ஊற்று. கத்தரிக்குப் பதிலாக முள்ளங்கி போடு, அது தாங்கும்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறாய். காது கேட்காதவளிடம் யார் என்ன சொல்கிறார்கள், கண்ணு? மாமாவும் வேலுவும் சோறு உண்ணும்போது பேசிக்கொள்வதுண்டு. எனக்கு எதுவும் விழுவதில்லை.

அக்கா,
கமலாம்பாள்

*

கல்லாங்காட்டுவலசு,
20.11.2024

அக்காவுக்கு. உங்கள் உடம்பு நலமாக இருக்கட்டும். விரதம் இருந்து இளைத்துப்போயிருப்பீர்கள்.

நீங்கள் சொன்னபடி பந்தலில் இருந்த துண்டுகளை எல்லாம் அவிழ்த்தேன். எறியவில்லை. ஒரு வாளி சுடுதண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். காலையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தேன், துளி ஒட்டவில்லை. சாயம் போகிற துணி எது, போகாத துணி எது என்று எனக்குச் சொல்லித் தந்தது உங்கள் வீட்டுக்காரர். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார். முழங்கால் மடங்காமல் போனதும் வீட்டுக்குப் போகச் சொன்னார். கால்தான் போயிற்று அக்கா, கண் போகவில்லை.

பதின்மூன்றாம் தேதி மறுபடி மழை. இந்தத் தடவை மடையைத் திறக்கவில்லை. மடைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பனியன் துண்டைக் குச்சியில் கட்டி ஓடையில் போட்டேன். மறுநாள் எடுத்தேன். அதைக் காயவைத்து, நீங்கள் மாப்பிள்ளைக்கு அனுப்பிய டீசர்ட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். அடிமெரூன், மேலே லேசாகக் கத்தரிப்பூ நிறம் அடிக்கும். அதே ஷேடு. வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான். இன்லேண்டில் வைக்க முடியாது என்று கவர் வாங்கித் துண்டை இதனுடன் வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துப் பாருங்கள்.

வேலு போட்டிருப்பது குடோன் இல்லை, சாயப்பட்டறை. லைசென்ஸ் இல்லாத பட்டறை. கழிவைத் தொட்டியில் தேக்கிவைத்து, மழை வந்தால் வெள்ளத்தோடு வெள்ளமாக ஓடையில் திறந்துவிடுகிறான். சரியா?

காது கேட்காது என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் இரண்டு பேரும் எந்த வீட்டில் பிறந்தோம் அக்கா? எட்டுத் தறி ஓடுகிற சத்தத்துக்குள் உதட்டைப் பார்த்தே சிரித்து, உதட்டைப் பார்த்தே சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அப்பா கொட்டகையின் அந்தக் கோடியில் நின்று வாயசைத்தால் இந்தக் கோடியில் நீங்கள் நூல்கண்டு எடுத்து வைப்பீர்கள். மாமாவும் வேலுவும் உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவது உங்களுக்குத் தெரியாதென்றால் அவர்கள் நம்பலாம். நான் நம்ப மாட்டேன்.

எனக்குக் கத்தரி வேண்டாம். கட்டுச்சோறு டிசம்பர் ஐந்தாம் தேதி. அதற்குள் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இந்தக் கிணற்றை நம்பி என் பெண்ணை நான் அழைத்து வரலாமா, கூடாதா? உங்கள் வாயால் உண்மை வந்தால் போதும். வேலு மேல் நான் ஒரு காகிதம் கொடுக்க மாட்டேன். அவன் பட்டறையைத் திறந்து வைத்திருந்தாலும் நான் வேறு வீடு பார்த்துப் பிரியாவை வைத்துக்கொள்வேன்.

கலை

*

முருகன் துணை

திருப்பூர்,
2.12.2024

கண்ணு கலைக்கு அக்காவின் ஆசி. நாங்கள் நலம். இங்கே மழையும் குளிருமாக இருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாயா?

உன் கடிதம் கிடைத்தது. அந்தத் துண்டையும் பார்த்தேன். மெரூன் எல்லாக் கம்பெனியிலும் ஓடுகிற கலர்தான் கண்ணு. ஊரில் எத்தனை பேர் பட்டறை வைத்திருக்கிறார்கள்!

எனக்கு ஒரு யோசனை. பிரியாவை நேரே இங்கே அழைத்து வந்துவிடு. மாடியில் ஏசி அறை சும்மாதான் கிடக்கிறது. ஆஸ்பத்திரி பக்கம். தண்ணீருக்கு ஆர்.ஓ. மிசின் இருக்கிறது. பிரசவத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், பெரியம்மா வீடும் அம்மா வீடுதானே? பத்தியக் காய்க்கும் கவலை வேண்டாம், நம் மொட்டைமாடியில் பையில் மண் போட்டு நாற்பது கத்தரி வைத்திருக்கிறேன். உன் கத்தரி போனதாக நீ எழுதியதைப் படித்த அன்றே நட்டேன். பிஞ்சு மாசிக்கு வந்துவிடும். நீயும் அவளோடு வந்து இரு.

விபூதி வைத்திருக்கிறேன். பிரியாவுக்குப் பூசிவிடு.

அக்கா,
கமலாம்பாள்

*

கல்லாங்காட்டுவலசு,
8.12.2024

அக்காவுக்கு.

கட்டுச்சோறு முடிந்தது. ஏழு வகைச் சோறும் கேன் தண்ணீரில்தான் ஆக்கினேன். கைவளையல், பூ, சேலை எதிலும் குறை வைக்கவில்லை. எல்லாம் முடிந்து, பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்டேன். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. கோபமாகக்கூடப் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, உங்க ஊட்டுக் கெணத்துல சாயம் எறங்கிருச்சுன்னு ஊரே பேசுதுங்க. வவுத்துப் புள்ளைய அங்கெப்படிங்க அனுப்பறது? எங்கூட்டுத் தண்ணி இனிப்புத் தண்ணிங்க. புள்ள இங்கயே இருக்கட்டுங்க. நீங்க கோவிச்சுக்காதீங்க" என்றார். கூடியிருந்த நாற்பது பேர் முன்னால்.

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? அவர் சொன்னது உண்மை. நான் காலிப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பிரியா வாசலில் நின்று அழுதாள். சோறு கட்டிக்கொண்டு போனவள் பெண் இல்லாமல் திரும்பி வந்ததை நம் பக்கத்தில் நீங்கள் எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

உங்கள் மொட்டைமாடிக் கத்தரியை நீங்களே சாப்பிடுங்கள்.

கலைமகள்

*

முருகன் துணை

திருப்பூர்,
6.1.2025

கண்ணு கலைக்கு அக்கா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாயோ தெரியவில்லை.

நீ கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் போய் வேலு மேல் மனுக் கொடுத்திருப்பதாக வேலு சொன்னான். சொன்னான் என்றால் என்னிடம் இல்லை, மாமாவிடம். நான் உதட்டைப் பார்த்தேன். நீ எழுதியது சரிதான் கண்ணு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆவணியிலிருந்தே தெரியும். உனக்குத் தோட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த அன்றே தெரியும்.

ஆனால் நான் என்ன செய்ய? ஒரே பையன். பெரிய பட்டறைகளில் சாயம் போட்டால் அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை. சித்திரைக்குள் சுத்திகரிப்பு மிசின் போட்டுவிடுவேன் என்று சொல்கிறான். அதுவரைக்கும் பொறுத்துக்கொள். ஆபீசர்கள் வந்து கேட்டால், சந்தேகத்தில் எழுதிவிட்டேன், நேரில் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடு. நீ தூக்கி வளர்த்த பையன் அவன். உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

அவரை பூத்திருக்கிறதா?

அக்கா,
கமலாம்பாள்

*

கல்லாங்காட்டுவலசு,
20.2.2025

அக்காவுக்குக் கலைமகள் எழுதுவது. இது கடைசிக் கடிதம், அதனால் முறைப்படி ஆரம்பிக்கிறேன். நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

பிரியாவுக்குப் போன வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. மடத்துக்குளத்தில்தான். தாயும் பிள்ளையும் நலம். சம்பந்தியம்மா அவர் தோட்டத்துக் கத்தரிப்பிஞ்சைப் பூண்டு போட்டுக் கடைந்து சோறு ஊட்டினார். நான் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். அதற்கு மேல் பெண் கொடுத்த வீட்டில் தங்கினால் நன்றாக இருக்காது.

அவரை பூத்திருக்கிறதா என்று கேட்டீர்கள். பூத்தது. அம்மாவின் விதை, உப்பையும் மீறிப் பூத்தது. காய் பிடித்தது, அம்மா பந்தலில் காய்த்த அதே தடிமன். பறித்து ஒன்றை முறித்து மோந்து பார்த்தேன், அவரை வாசனைதான். ஆனாலும் பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக் கை வரவில்லை. ராமாயி ஆட்டுக்குக்கூட வேண்டாமென்றாள். மாசியில் காய்க்க வேண்டும் என்று நீங்கள் போட்ட கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அத்தனையும் பந்தலிலேயே முற்றிக் காய்ந்துகொண்டிருக்கிறது.

உங்கள் ஜனவரிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. எனக்கு உண்மையைச் சொல்ல உங்களுக்கு நான்கு மாதம் வாய் வரவில்லை. உங்கள் மகனைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் ஒரே நாளில் வந்துவிட்டது. கார்த்திகையிலேயே அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நான் மனுக் கொடுத்திருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதியும் கொடுத்திருந்தேன்.

போன வாரம் ஆபீசர்கள் வந்தார்கள். வேலு அதற்குள் தொட்டியைக் கழுவி, சுவருக்கு வெள்ளை அடித்து, நான்கு மூட்டை பனியன் வேஸ்ட்டை நடுவில் போட்டு வைத்திருந்தான். "குடோன் தானுங்க" என்றான். மழை இல்லாததால் ஓடையும் காய்ந்து கிடந்தது. அந்த ஆபீசரம்மா என் வீட்டுக்கு வந்து, "அம்மா, அவங்க சாயத் தண்ணி விட்டாங்கங்கறதுக்கு எழுத்துல ஏதாச்சும் இருக்குங்களா? வெறும் வாய்ச்சொல்லுல நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று கேட்டார்.

உங்கள் கடிதங்கள் ஐந்தும் அலமாரியில் இருந்தன. எல்லாம் தெரியும் என்று நீங்கள் எழுதிய ஜனவரிக் கடிதத்தை எடுத்தேன். அது ஒரு தாய் மகனுக்காக அழுத கடிதம், அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நேற்று அடுப்பில் போட்டேன். அப்புறம் புரட்டாசிக் கடிதத்தை எடுத்தேன். மழை பெய்தால் மூன்று நாளைக்கு மடை திறக்காதே, மோட்டாரைப் போடாதே, தண்ணீர் தெளிந்த பிறகு திற என்று எழுதியிருந்தீர்களே, அது. உங்கள் மகன் மழையோடு திறந்துவிடுகிறான், தெளிய மூன்று நாள் ஆகிறது என்று அதில் கணக்காகவே இருக்கிறது. உங்கள் ஐந்து கடிதங்களிலும் என்மேல் பாசத்தோடு, எனக்காகப் பயந்து எழுதிய ஒரே இடம் அதுதான் அக்கா. அதைத்தான் இன்று காலையில் அந்த ஆபீசரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். கையெழுத்து உங்களுடையதுதானா என்று கேட்பார்களாம். காது மிசினை மாட்டிக்கொண்டு இருங்கள்.

கலைமகள்